அணைக்க முடியாத மோட்டார்

இன்று காலை ஒன்பது மணி நிலவரப்படி, பரமத்தி வேலூர் ஆற்றோரத் தெருவிலிருந்து ஏழு பேர் வாந்தி பேதியுடன் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறார்கள். சொன்னவர் சுகாதார ஆய்வாளர். காலராவா என்று கேட்டேன். மல மாதிரி சோதனைக்காகச் சேலத்துக்குப் போயிருக்கிறது என்றார். அவர் சட்டையில் பிளீச்சிங் பவுடர் வாடை. உங்கள் பரிசோதனைக் கூடத்தின் வாடை அது. நீங்கள் இறந்து மூன்று வருடமாகிறது. அந்த வாடை பட்ட பிறகு என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

எழுபதுகளின் கடைசியிலும் வாந்தி பேதி பரவியது இதே தெருவில்தான். ஆஸ்பத்திரியில் நீங்கள் மலத்தையும் ரத்தத்தையும் சோதிக்கிறவர். நான் நாளுக்கு மூன்று முறை உங்கள் கதவைத் தட்டும் நிருபர். கிருமி குடலை அரித்துவிடுகிறது என்று நான் எழுதி வைத்திருந்ததை வாங்கிப் படித்துச் சிரித்தீர்கள்.

"அது எதையும் அரிக்கறதில்லைங்க. நம்ம குடல் செல்லுலயே ஒரு என்சைம் இருக்குது. வெத்தலைக் கொடிக்காலுக்குத் தண்ணி எறைக்கற மோட்டார்னு வெச்சுக்குங்க. வேணும்னா ஓடும், இல்லைன்னா நிக்கும். கிருமியோட நஞ்சு சுவிட்சைப் போட்டுட்டு, அணைக்க முடியாமப் பண்ணீருது. மோட்டாரும் நம்முளுது, வெளிய போற தண்ணியும் நம்முளுது."

உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் குடல் உள்ளே இழுக்கும் வழி மட்டும் கெடுவதில்லை, அதனால் போகப் போகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றீர்கள். அதை அன்றே பேப்பரில் போடச் சொன்னீர்கள். நோய் இன்னதென்று உறுதியாகாமல் ஒரு வரியும் அனுப்புவதில்லை என்பது என் வழக்கம். மறுத்தேன்.

"ஏனுங்க, கிருமிகிட்டப் பேட்டி எடுத்துட்டுத்தான் எழுதுவீங்களாக்கும்."

முடிவு வர இரண்டு நாளானது. அதற்குள் வெற்றிலை பறிக்கும் ஒருவரின் மனைவி இறந்துபோனார். இருவரும் அந்த வீட்டுக்குப் போனோம். தண்ணீர்ப் பானை பரண்மேல் இருந்தது.

"தண்ணி கேட்டுட்டே இருந்தாளுங்க. குடுத்தா இன்னும் போகும்னு மேல எடுத்து வெச்சுட்டனுங்க" என்றார் அவர். தனக்குப் படிக்கத் தெரியாதென்றும், டீக்கடையில் தினமும் எங்கள் பேப்பரைப் படிக்கச் சொல்லிக் கேட்பதாகவும் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை. அதுதான் என்னை இன்னும் விடவில்லை.

பாலம் வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தீர்கள். அங்கே நின்று சொன்னீர்கள்.

"பேரு தெரிய ரெண்டு நாள் ஆகுமுங்க. தண்ணி குடுக்கப் பேரு எதுக்குங்க?"

அதன் பிறகு ஒருநாளும் நீங்கள் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. எடுத்துத் திட்டியிருக்கலாம்.

இன்று பத்து மணிக்கே டிரங்க் கால் போட்டேன். உறுதியாகிவிட்டதா என்று பேப்பர் ஆபீஸ் செய்தி டெஸ்கில் கேட்டார்கள். இல்லை என்றேன். முதல் வரியை இரண்டு முறை சொல்லி எழுதிக்கொள்ள வைத்தேன்: வயிற்றுப்போக்கு உள்ளவருக்குத் தண்ணீரை நிறுத்தாதீர்கள், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

நாளைக் காலை ஆறு மணிக்குப் பேப்பர் டீக்கடைக்கு வந்துவிடும். மனைவியை இழந்த அந்த வெற்றிலை பறிப்பவர் இன்னும் அங்கேதான் வந்து உட்காருகிறார். நோயின் பெயர் நாளை மறுநாள் மத்தியானம் தெரியும் என்கிறார்கள்.