திருப்பிச் சொல்லாத பாடம்

இஞ்சாருங்கோ,

"பள்ளிக்கூடமே முடிக்கேல்ல, அதுக்குள்ள ரீச்சர் படிப்போ?" என்று எங்கள் நிலக்சியைப் பகிடி பண்ணினீர்களே. பள்ளிக்கூடம் விட்டதும் அஜின்கோர்ட்டிலிருந்து பஸ் எடுத்து, சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கப் பழக்குகிற அந்தக் கொலிஜ் வகுப்புக்கு ஒழுங்காகப் போனாள். சின்னப் பிள்ளைக்குப் பாரமான விஷயம் சொல்வதென்றால் அதற்கு முன்னால் முழங்காலில் இருந்து, கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். பிள்ளை திருப்பிச் சொன்னால்தான் பாடம் முடிந்ததாம்.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில், டொக்டர் உங்களைப் பற்றி இங்கிலிஷில் சொன்னதைக் கேட்டுவிட்டு வந்து, என் கதிரைக்கு முன்னால் முழங்காலில் இருந்தாள். மெதுவாக, தமிழில் சொன்னாள். பிறகு, "அம்மா, விளங்கினதை உங்கட வாயால சொல்லுங்கோ" என்றாள்.

"நீ ஏதும் சாப்பிட்டனியோ?" என்று கேட்டேன்.

உங்கள் வின்ரர் ஜக்கெற்றை ஒருவருக்கும் கொடுக்கவில்லை, கதவுக்குப் பின்னால்தான் தொங்குகிறது. நான் இன்னும் திருப்பிச் சொல்லவில்லை.

நீங்கள் கூப்பிடும்
‘இஞ்சாரும்’