பெயரளவு இயக்குநர் தெரிவிக்கும் ஆட்சேபணை

அனுப்புநர்
இரண்டாம் இயக்குநர்,
திரைச்சீலைத் தையல் கம்பெனி (தற்போது கலைப்பில்),
வீடு: சலவைக்கடைக்கு மேல்மாடி.

பெறுநர்
கலைப்பு அலுவலர் அவர்கள்,
திவால் கம்பெனிகள் பிரிவு.

பொருள்: என்னைப் பொறுப்பிலிருந்து விடுவித்துத் தாங்கள் எழுதிய அறிக்கைக்கு ஆட்சேபணை தெரிவித்தும், வியாழக்கிழமை ஏலத்திலிருந்து தையற்காரர்களின் சொந்த இயந்திரங்களை நீக்கக் கோரியும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் கம்பெனி கடனைத் திருப்பித் தர இயலாமல் திவாலாகி, அதன் சொத்துகளை விற்றுக் கடன்காரர்களுக்குப் பகிர்ந்து தரும் வேலை தங்களிடம் வந்திருக்கிறது. தங்கள் அறிக்கையை முழுவதும் படித்தேன். அழகான நடை. என்னைப் பற்றிய பத்தியில் மட்டும் இப்படி இருக்கிறது: "இரண்டாம் இயக்குநர் வயது முதிர்ந்தவர், நிர்வாக இயக்குநரின் அத்தை, பெயரளவில் மட்டும் பதவி வகித்தவர், கம்பெனி விவரம் எதுவும் அறியாதவர். எனவே அவரிடம் வாக்குமூலம் பெறத் தேவையில்லை." இதில் வயதும் உறவும் சரி. மற்ற அனைத்தையும் ஆட்சேபிக்கிறேன்.

2. தாங்கள் என் வீட்டுக்கு வந்திருந்த அன்று, நாற்காலியில் உட்காரும் முன்பே, "பாட்டிம்மா, நீங்க ஒண்ணும் பயப்படாதீங்க, உங்க பேர நான் எடுத்து விட்டுர்றேன்" என்றீர்கள். நல்லெண்ணத்துக்கு நன்றி. எனக்குப் பிள்ளைகளும் இல்லை, பேரப்பிள்ளைகளும் இல்லை. இருந்தது ஒரு பதவி. அதைத் தேநீர் ஆறுவதற்குள் எடுத்துவிட்டீர்கள். நான் எப்போது பயந்தேன் என்பதை இனி எழுதும் அறிக்கையில் தெளிவுபடுத்த வேண்டுகிறேன்.

3. நான் இயக்குநரான விதம் பின்வருமாறு. என் அண்ணன் மகன் கம்பெனி தொடங்கியபோது இரண்டு இயக்குநர்கள் வேண்டும் என்றார்கள். "சும்மா பேருக்குத்தான் அத்தை" என்று தாள்களை நீட்டினான். எட்டாம் வகுப்போடு என் படிப்பை வீட்டில் நிறுத்தினார்கள், நான் நிறுத்தவில்லை. தாள்களை வாங்கி வைத்துக்கொண்டு நூலகத்துக்குப் போய், கம்பெனிச் சட்ட விளக்க நூலை எடுத்துப் படித்தேன். பாதி புரியவில்லை. புரிந்த பாதியில், பெயருக்கு இயக்குநர் என்று ஒரு தனி ரகத்தை எங்கே தேடியும் காணவில்லை. கையெழுத்திட்டவர் எல்லாரும் இயக்குநரே. தெரிந்துகொண்டுதான் கையெழுத்திட்டேன்.

4. இயக்குநர் கூட்டங்கள் என் சமையலறையில் நடந்தன. நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு கேள்வி கேட்பேன். அவன் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டு பதில் சொல்வான். கூட்டம் முடிந்தபின் ஆடிட்டர் தன் அலுவலகத்தில் உட்கார்ந்து கூட்டக் குறிப்பு எழுதுவார். எல்லாத் தீர்மானங்களும் "ஏகமனதாக" நிறைவேறியதாக அவர் எழுதியிருப்பதைத் தங்கள் கோப்பில் பார்க்கலாம். நான் இருந்த அறை எதிலும் எதுவும் ஏகமனதாக நடந்ததில்லை. எங்கள் குடும்பத்தில் எவரை வேண்டுமானாலும் விசாரிக்கலாம். சிலர் அழக்கூடும்.

5. அப்படிப்பட்ட ஒரு கூட்டத்தில்தான், தையற்காரர்கள் தத்தம் சொந்த இயந்திரத்தைக் கொண்டுவந்து தைக்கலாம் என்று முடிவானது. பழகிய இயந்திரத்தில்தான் கை ஓடும் என்பது அவர்கள் தொழில் வழக்கம். எண்ணெய், ஊசி, மின்சாரம் கம்பெனியுடையது, இயந்திரம் அவரவருடையது. இதைப் பட்டறைக்கு நேரில் போய், எல்லாரையும் நிறுத்திச் சொன்னது நான்தான். தடித்த துணி தைக்கும் இரண்டு பெரிய இயந்திரங்களும் வெட்டுமேசையும் மட்டுமே எங்களுடையவை. அவற்றைத் தாராளமாக விற்கலாம். மேசையின் ஒரு கால் ஆடும் என்பதை வாங்குபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

6. பிறகு ஸ்டிக்கர் வந்தது. கடன் கேட்டிருந்த வங்கியிலிருந்து பட்டறையைப் பார்வையிட வருவதாகத் தகவல் கிடைத்ததும், என் அண்ணன் மகன் கம்பெனி பெயர் அச்சிட்ட நீல ஸ்டிக்கர்களை வாங்கிவந்து எல்லா இயந்திரங்களிலும் ஒட்டச் சொன்னான். "வேணாம்டா, அடுத்தவங்க பொருள்" என்றேன். "அய்யோ அத்தை, பாக்கறதுக்கு ஒரே மாதிரி இருக்கட்டும்னுதான்" என்றான். வங்கிக்காரர் பார்த்தார், ஒரே மாதிரி இருந்தது, கடன் வந்தது. மிச்சமிருந்த ஸ்டிக்கர்களைப் பட்டறையில் விளையாட்டாகக் கண்ட இடத்தில் ஒட்டினார்கள். ஆகவேதான் ஒரு தையற்காரரின் சாப்பாட்டுத் தூக்கு தங்கள் சொத்துப் பட்டியலில் "எஃகுக் கொள்கலன், மூடியுடன்" என்று ஏறியிருக்கிறது. என் மூக்குக்கண்ணாடிக் கூட்டிலும் ஒன்று உண்டு. ஏலத்தில் சேர்ப்பதானால் சொல்லி அனுப்பவும். கண்ணாடியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பட்டறை வாசலில் படுத்திருக்கும் பூனை தப்பித்ததற்கு, அது அன்று வெளியே போயிருந்ததே காரணம்.

7. இதுவரை எழுதியதற்குத் தாங்கள் சிரித்திருந்தால் மகிழ்ச்சி. இனி எழுதுவது அப்படியல்ல. பட்டறையில் ஒருவரைச் சிரிப்பக்கா என்பார்கள். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை என்பதால் அந்தப் பெயர். ஏல அறிவிப்பைக் கதவில் ஒட்டியதும் நேரே என் வீட்டுக்கு வந்தார். "வேல போச்சு, சரி. வீட்டுல உக்காந்து நாலு ஜாக்கெட்டு தச்சாவது பொழச்சிக்குவேன். மெஷினையும் எடுத்துக்கிட்டா என்னத்த வச்சித் தைக்க? நீங்க சொன்னீங்கன்னுதான அத்தை கொண்டாந்து போட்டேன்?" என்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. படியிலேயே நின்றுவிட்டுப் போய்விட்டார்.

8. மறுநாள் தங்கள் அலுவலகத்தில் இதைச் சொன்னேன். தங்கள் உதவியாளர், "நீங்க பேருக்கு டைரக்டர்னு ரிப்போர்ட்லயே இருக்கேம்மா, உங்க பேச்ச எப்படி எடுத்துக்கறது?" என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். நியாயமான கேள்வியும்கூட. இயந்திரம் யாருடையது என்று கம்பெனி தரப்பில் சொல்லக்கூடிய நிலையில் இருவர்தான் இருக்கிறோம். ஒருவன் சொல்ல மறுக்கிறான். மற்றவளுக்கு எதுவும் தெரியாது என்று தாங்களே எழுதிவிட்டீர்கள்.

9. அவன் மறுப்பதன் காரணத்தையும் மறைக்காமல் எழுதுகிறேன். இயந்திரங்கள் கம்பெனியுடையவை அல்ல என்று இப்போது சொன்னால், அன்று வங்கிக்குக் காட்டியது என்ன என்ற கேள்வி வரும். அவன் கெட்டவன் அல்லன். அவனுடைய கணக்கில் எல்லாமே அடுத்த மாதம் சரியாகிவிடும். அந்த மாதம் மட்டும் வரவே இல்லை. அத்தைக்கு எதுவும் தெரியாது என்று அவன் தங்களிடம் சொன்னதும் என்னைக் காப்பாற்றத்தான். இப்போது என் வீட்டு உள்ளறையில்தான் தங்கியிருக்கிறான். மூன்று வேளையும் நான்தான் போடுகிறேன். இருந்தாலும் அவனுக்கு எதிராக இதை எழுதுவதில் எனக்குத் தயக்கமில்லை.

10. கம்பெனி மூழ்கப்போகிறது என்று தெரிந்தபின் இயக்குநர் தன்னையோ தன் குடும்பத்தையோ அல்ல, கம்பெனியை நம்பிக் கொடுத்தவர்களைத்தான் முதலில் நினைக்க வேண்டும் என்று நூலகத்துப் புத்தகத்தில் படித்தேன். கடைசி வருடம் வாடிக்கையாளர்களிடம் புதிய முன்பணம் வாங்காதே என்று சொன்னேன், அவன் வாங்கினான், நான் பதவி விலகவில்லை, ஆண்டுக் கணக்கறிக்கையிலும் கையெழுத்திட்டேன். இதற்கு என்ன தண்டனையோ அதை விதிக்கலாம். இனி எந்தக் கம்பெனியிலும் இயக்குநராகக் கூடாது என்று தடை விதித்தால், என் வயதில் அதைத் தாங்கிக்கொள்வேன். என் கைப்பொருளிலிருந்து ஈடு கட்டச் சொல்லலாம் என்றும் தெரியும். கைப்பொருள் என்பது இந்த மாடி வீடு. "வீடு போயிரும் அத்தை, வேணாம்" என்று உள்ளறையிலிருந்து குரல் வந்துகொண்டிருக்கிறது. எனக்கும் இந்த வீடு பிடிக்கும். காற்று நன்றாக வரும்.

11. ஆகவே ஐயா, நான் கேட்பவை: என்னை முழு இயக்குநராகக் கருதி விசாரணைக்கு அழைக்கவும். கடினமான கேள்விகளாகவே கேட்கவும். இயந்திரங்களைப் பற்றிய என் வாக்குமூலத்தைப் பதிவு செய்யவும். அதுவரை தையற்காரர்களின் இயந்திரங்களை ஏலத்திலிருந்து விலக்கி வைக்கவும். பதில் வரும்வரை தங்கள் அலுவலக வரவேற்பறையில் தினமும் உட்கார்ந்திருப்பேன். அங்குள்ள நாற்காலிகள் வசதியானவை. பின்னலுக்கு நூலும் கொண்டுவருவேன். யாருக்கும் தொந்தரவு இருக்காது, கொஞ்சம் பேசுவேன், அவ்வளவுதான்.

தங்கள் உத்தரவை எதிர்நோக்கி, அது தாமதமானால் நேரில் நினைவூட்டவும் தயாராக உள்ள,

இரண்டாம் இயக்குநர்
(கையெழுத்து)

இடம்: என் வீட்டுச் சமையலறை
நாள்: ஞாயிற்றுக்கிழமை

மேலும் ஒரு செய்தி: உறையை ஒட்டும் முன் என் அண்ணன் மகன் இதை வாங்கிப் படித்தான். ஒன்பதாவது பத்தியில் வெகுநேரம் நின்றான். நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது, "கீழ எடம் இருக்கா அத்தை?" என்று கேட்டான். இருந்தது. கீழே உள்ளது அவன் கையெழுத்து. நான் சொல்லி எழுதியதல்ல.

"ஐயா, தையல் இயந்திரங்கள் தையற்காரர்களுடையவை. எங்களுடையவை என்று வங்கிக்குக் காட்டியது நான். விசாரணைக்கு நானும் வருகிறேன்.
நிர்வாக இயக்குநர்."