முன்வரிசையில் லோரிஸ்

அக்டோபர் 5, செவ்வாய்
கட்சி வேட்பாளராகப் போட்டியிடும் லிடியாவுக்கு நான் எழுதிக் கொடுத்த பேச்சை, அவள் பிரச்சாரத்தைப் பார்த்துக்கொள்ளும் சாந்த்ரோ பாதியிலேயே மூடிவிட்டான். உலக நிலைமையில் தொடங்கி ஊர்ச் சாக்கடைக்கு வந்துசேர ஒரு மணி நேரம். இருபது வருடமாக அப்படித்தான் எழுதுகிறேன். அவன் சிகாகோவில் இரண்டு தேர்தலுக்கு வேலை செய்தவன். "புள்ளிவிவரம் யாருக்கு வேணும் ஒர்னெல்லா? அடிபட்ட ஒரு ஆளைக் காட்டு. பேரைச் சொல்லி எழுந்து நிக்க வை. அங்க அப்படித்தான் ஜெயிக்கிறாங்க."

முன்பு வேட்பாளரைக் கட்சிக் கிளையில் நாற்பது பேர் கைதூக்கித் தேர்ந்தெடுப்போம். இப்போது அதுவும் அமெரிக்கா மாதிரி. சதுக்கத்தில் கூடாரம் போட்டால் யார் வேண்டுமானாலும் வந்து ஓட்டுப் போடலாம். வழிப்போக்கருக்கு எப்படி எழுதுவது?

அக்டோபர் 7
பேச்சில் என் தம்பியைப் பற்றி எழுதிவிட்டேன். டைல்ஸ் தொழிற்சாலையில் லோரிஸை வேலையிலிருந்து நிறுத்தி எட்டு மாதம். இன்னும் தினமும் காலையில் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பி, இமோலா ரயில் நிலையத்தில் உட்கார்ந்துவிட்டு மாலையில் திரும்புகிறான். மனைவி மிரெல்லாவுக்குத் தெரியாது. என்னிடம் மட்டும் சொன்னான்.
பெயர் போடவில்லை. சாந்த்ரோ கேட்டான். சொன்னேன். ஏன் சொன்னேன்?

அக்டோபர் 10, ஞாயிறு
லோரிஸைக் கூட்டத்துக்குத் தனியாகத்தான் வரச் சொன்னேன். மிரெல்லாவையும் கூட்டிக்கொண்டு வந்தான், புது உடையில். மேடைக்குப் போய், பேச்சில் சாந்த்ரோ சேர்த்திருந்த பெயரை அடித்துவிடப் பத்து நிமிடம் இருந்தது. நான் போகவில்லை. பேச்சு எடுபட வேண்டும் என்ற ஆசை. வேறு காரணம் தேடாதே, ஒர்னெல்லா.
லிடியா ரயில் நிலையத்தைச் சொன்னாள். டப்பாவைச் சொன்னாள். "லோரிஸ், எழுந்திருங்க" என்றாள். எழுந்தான். அரங்கமே கைதட்டியது. மிரெல்லா மட்டும் அண்ணாந்து அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 11
இருவரும் போனை எடுக்கவில்லை.

அக்டோபர் 16, சனி
வீட்டுக்கே போனேன். மிரெல்லா கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மன்னிப்புக் கேட்கப் போனவள் அழுதுதான் தொலைத்தேன். லோரிஸ் காபி போட்டுக் கொடுத்தான். "அவ என்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்க்கா. உங்க அக்காவுக்கு மட்டும் எப்படித் தெரியும்னு."

அக்டோபர் 24, ஞாயிறு
லிடியா பெரிய வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டாள். மாநிலத் தேர்தலுக்கு இனி அவள்தான் வேட்பாளர். கூடாரத்தில் ஓட்டுப் போட வந்த கிழவி ஒருத்தி, "அந்த ரயில்வே ஸ்டேஷன் பையன் எப்படி இருக்கான்?" என்று விசாரித்தாள்.

நவம்பர் 12, வெள்ளி
எனக்குத் தெரியாமல் சாந்த்ரோ லோரிஸிடம் பேசியிருக்கிறான். எல்லா ஊருக்கும் லிடியாவோடு போகவேண்டும், தினப்படி உண்டு. வேண்டாம்டா என்று லோரிஸின் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். "ஒன்பது மாசமா வேற யாரு வேலை குடுத்தாங்க்கா?" என்றான்.
இன்று லூகோவில் ஆறாவது கூட்டம். லிடியா பேச்சில் ரயில் நிலையத்துக்கு வந்ததுமே, பெயர் சொல்லும் முன்பே எழுந்து நின்றுவிட்டான்.