முதல் இரண்டு வரி

ஜனவரி 11, ஞாயிறு. காலை 10.40. இடம்: முப்பத்தேழு.

"ரெண்டு வயசாகியும் குழந்தை பேசலை" என்று இணையத்தில் தேடினால் அக்காவின் கட்டுரை முப்பத்தேழாவதாக வருகிறது. நாலாவது பக்கம். நாலாவது பக்கம் வரை எவன் போவான்? நானே போனதில்லை.

அக்கா பேச்சுப் பயிற்சியாளர். மருந்துக் கடைக்கு மேலே ஓர் அறை, சுவர் நிறைய ஒரு கண்ணாடி, ஒரு பெட்டி பொம்மை. ஆறு வருடமாக பிளாக் எழுதுகிறாள். அதைப் படித்துவிட்டுத்தான் பெற்றோர் வந்துகொண்டிருந்தார்கள். இப்போது யாரும் வருவதில்லை. வருகிற ஒன்றிரண்டு பேரும் குழந்தைக்கு ஐந்து வயதான பிறகு வருகிறார்கள். வருடக் கடைசிவரை பார்த்துவிட்டு, அறையை மூடிவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிடுவாளாம். சாதாரணமாகத்தான் சொல்கிறாள். முகம்தான் சாதாரணமாக இல்லை.

புதிதாக எதுவும் எழுதாதே, இருப்பதைச் சரிசெய்தாலே மேலே வரும் என்றேன். ஆபீசில் என் வேலையே அதுதான். ஊரான் பிளாக்கையெல்லாம் தூக்கி நிறுத்துகிறேன். சொந்த அக்காவுக்கு இத்தனை நாள் என்ன கிழித்தேன்?

ஜனவரி 19

ஒரே விஷயத்தை ஐந்து கட்டுரையாக எழுதி வைத்திருக்கிறாள். தேடலில் ஐந்தும் ஒன்றின் காலை ஒன்று வாருகின்றன. ஒன்றாக்கினேன். தலைப்பு "மழலையின் மௌனம்" என்று இருந்தது. எந்த அம்மா மௌனம் என்று தேடுவாள்? ஜனம் தேடுகிற வார்த்தையையே தலைப்பாக்கினேன்.

"என் எழுத்துல கைவெச்சா கையை ஒடிச்சிருவேன்" என்று போன வாரமே சொல்லியிருந்தாள். வைத்தாயிற்று. படித்துக் காட்டவில்லை. வரிக்கு வரி சண்டைக்கு வருவாள், எனக்கு அதற்கெல்லாம் பொறுமை கிடையாது.

ஜனவரி 25

தேடுகிறவர்களுக்கு எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பெட்டியில் பதில் காட்டுகிறார்கள். இரண்டே வரி. அந்த இடம் கிடைத்தால் மற்றவனெல்லாம் கீழே. அதற்குக் கட்டுரை நறுக்கென்று ஆரம்பிக்க வேண்டும். அக்காவுக்கு நறுக்கென்று வராது. பல குழந்தைகள் மூன்று வயதுக்குள் தாமாகவே பேசிவிடும் என்று ஆரம்பிக்கிறாள். அதோடு விடுகிறாளா? ஆனால் முதலில் காது கேட்கிறதா என்று பாருங்கள், கூப்பிட்டால் திரும்பாத குழந்தையை ஒரு நாள்கூட வீட்டில் வைத்திருக்காதீர்கள் என்று இழுக்கிறாள்.

முதல் வரியை வைத்துக்கொண்டேன். மற்றதைப் பதினோராவது பத்திக்குத் தள்ளினேன். வெட்டவில்லை. தள்ளினேன், அவ்வளவுதான்.

பிப்ரவரி 22

பத்தொன்பது.

மார்ச் 14

பெட்டி கிடைத்துவிட்டது! எல்லாருக்கும் மேலே.

படிக்கிறவர்கள் எண்ணிக்கைக் கோடு செங்குத்தாக ஏறுவதை அக்காவுக்குக் காட்டினேன். தினமும் நான் எண்ணிக்கை சொல்வதால் எனக்குப் பட்டப்பெயரே வைத்துவிட்டாள். "என்ன மீட்டர், இன்னிக்கு எவ்ளோ ஓடிருக்கு?" சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து மாதக்கணக்காகியிருந்தது.

மே 22

எரிச்சல். படிக்கிறவர்கள் பத்து மடங்கு. போன் மட்டும் அடிப்பதில்லை. எண்ணைப் பெரிதாக்கினேன், பட்டனின் நிறத்தை மாற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. பெட்டியைப் பார்க்கிறார்கள், போய்விடுகிறார்கள். உள்ளே வருகிறவர்களும் பத்து விநாடிக்கு மேல் நிற்பதில்லை. என்னதான் குறை?

ஆகஸ்ட் 3

இன்னொரு குழந்தைக்குப் பயிற்சி முடிந்தது. மிச்சம் நாலு பேர். அக்கா ஆஸ்பத்திரிக்கு விண்ணப்பம் போட்டுவிட்டாள்.

அக்டோபர் 6, செவ்வாய்

எழுத வேண்டாம் என்றுதான் பார்த்தேன்.

லீவு. அக்காவின் அறையில் பிளக் பாயின்ட் மாற்றிக்கொண்டிருந்தேன். ஓர் அம்மா வந்தார். பெண் குழந்தை, மூன்று வயது ஆகப்போகிறது. ஒரு வார்த்தை வரவில்லை. அக்கா குழந்தையின் முதுகுக்குப் பின்னால் நின்று மணி ஆட்டினாள். இன்னும் பலமாக ஆட்டினாள். நான் திரும்பினேன். அம்மா திரும்பினார். குழந்தை பொம்மைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தது.

ஏன் முன்னாலேயே வரவில்லை என்று அக்கா மெதுவாகக் கேட்டாள்.

"மார்ச் மாசமே தேடிப் பாத்தேங்க. மூணு வயசுக்குள்ள தானா பேசிடும்னு நீங்கதான் போட்டிருந்தீங்க, மேலேயே. அதுக்கப்புறம்தான் எனக்குத் தூக்கமே வந்துச்சு."

குறையாகச் சொல்லவில்லை. நன்றி சொல்கிற குரல். அதுதான்... அதைத்தான் தாங்க முடியவில்லை.

அக்கா போனில் தேடிப் பெட்டியைப் படித்தாள். திரும்பப் படித்தாள். என்னைப் பார்க்கவில்லை. "அது தப்பும்மா. என் தப்பு" என்றாள்.

நான் ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஊருக்கே குறை சொல்கிற வாய். அப்போது எங்கே போச்சு?

அவர்கள் போன பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள். "மொத்தம் எத்தனை பேருடா படிச்சிருப்பாங்க?"

நாற்பத்தோராயிரம். நான் பிளக் பாயின்ட் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அக்டோபர் 7

காது பற்றிய வரிகளை நேற்றே முதலில் போட்டுவிட்டேன். பெட்டி பழையதையே காட்டுகிறது. தேடுபொறி திரும்ப வந்து படிக்கும்வரை அப்படித்தான். என்னால் ஒன்றும் செய்ய முடியாது. ஆபீசில் உட்கார்ந்து திறந்து திறந்து பார்க்கிறேன். இந்த நிமிஷம் யாரோ படிக்கிறார்கள். நிம்மதியாகப் போனை வைக்கிறார்கள்.

இப்போது தெரிகிறது. நிம்மதி ஆனவர்கள் எதற்கு போன் பண்ணுவார்கள்?

அக்டோபர் 15

அந்தக் குழந்தையின் காதுப் பரிசோதனை முடிவு வந்தது. இரண்டு காதும் கேட்காது, பிறந்ததிலிருந்தே. கருவி வைக்கலாம், பேச்சு வரும் என்றாராம் பரிசோதித்தவர். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் இன்னும் நன்றாக வந்திருக்கும் என்றும் சொன்னாராம்.

ஏழு மாதம். நான் கொடுத்த ஏழு மாதம்.

அக்டோபர் 20

பெட்டி போய்விட்டது. இடம் பதினாறு. இதற்கு நான் சந்தோஷப்படுகிறேன் என்றால் எவன் நம்புவான்?

நவம்பர் 29, ஞாயிறு

அறையைக் காலி செய்தோம். கண்ணாடியை எடுத்த இடத்தில் சுவர் மட்டும் புதுசாகத் தெரிந்தது. நாளை மறுநாள் அக்கா ஆஸ்பத்திரியில் சேர்கிறாள். அந்தக் குழந்தைக்கு மட்டும் வீட்டு ஹாலில் பயிற்சி கொடுப்பாளாம். திட்டினாலாவது பரவாயில்லை. "அந்த முனையைப் பிடி" என்பதைத் தவிர நாள் முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை.

இனிச் செய்ய வேண்டியது:

1. நான் கைவைத்த எல்லாக் கட்டுரைகளையும் அக்கா எழுதியிருந்தபடியே திருப்பி வைப்பது. தலைப்பு உட்பட.

2. ஆபீசில் என்னிடம் நான்கு மருத்துவ பிளாக்குகள் இருக்கின்றன. அவற்றில் எதையெல்லாம் கீழே தள்ளினேன் என்று பார்ப்பது. இந்த வாரமே பார்ப்பது.

3. அவற்றைச் சரிசெய்தால் இடம் இறங்கும், மேலாளர் குதிப்பார். குதிக்கட்டும்.

4. வியாழன் மாலை அந்த அம்மா குழந்தையோடு வருகிறார். ஏதாவது சாக்குச் சொல்லி வெளியே போகாமல் வீட்டில் இருப்பது. அந்த வரியைத் தனியாக மேலே நிறுத்தியது அக்கா இல்லை, நான் என்று அவரிடம் சொல்வது. அக்கா இருக்கும்போதே.