இடப்பக்கம் முனகிய கியர்பொக்ஸ்

என் தங்கமான அத்தானுக்கு,

நீங்கள் எழும்பி வந்து அடிக்க மாட்டீர்கள் என்ற துணிவில்தான் இதை எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுத்துப் பிழையைத்தான் சொல்கிறேன். மற்றப் பிழையைப் பொறுக்கச் சொல்லிக் கேட்கவில்லை.

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகிறது. உங்கள் ஆட்டைத் திவசத்துக்கு நினைவு மலர் அடிக்கிறார்கள். வீட்டில் இருந்த படமெல்லாம் முகாமுக்கு ஓடிய ஓட்டத்தில் தொலைந்ததால், அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கிப் போட்டிருக்கிறோம். கோழி களவெடுத்துப் பிடிபட்டவர் மாதிரி முழிக்கிறீர்கள். உள்ளே நான்தான் எழுத வேண்டும் என்பது அக்காவின் கட்டளை. உங்கள் பெண்சாதியின் கட்டளைக்கு நீங்களே மறுபேச்சுப் பேசியதில்லை, நான் எந்த மூலைக்கு?

நீங்கள் போன பிறகு உங்களைக் குடிகாரன் ஆக்கினார்கள், தெரியுமா?

குளக்கட்டில் நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆனால் நான் பார்த்தது உங்களுக்குத் தெரியாது. நீங்கள் ஓட்டிய பெக்கோ, அந்த மண் வெட்டுகிற மெசின், சரிவில் பாதி ஏறியதும், இடப்பக்கச் சங்கிலியைச் சுழற்றுகிற கியர்பொக்ஸுக்குள் பல்லுகள் படபடவென்று உடைந்தன. அந்தப் பக்கம் பிடி விட்டுப் பின்னுக்கு ஓட, மற்றப் பக்கம் முன்னுக்கு இழுக்க, இருபது தொன் இரும்பு ஒரு சுற்றுச் சுற்றிக் குளத்துக்குள் புரண்டது. நீங்கள் குதித்தீர்கள். கபின் உங்களுக்கு மேலே விழுந்தது. நெஞ்சளவு சேற்றில் நின்று வெறுங்கையால் தோண்டினேன். இரண்டு நகம் பிய்ந்து போனது. முதலில் உங்கள் கை வந்தது. அதைப் பிடித்து இழுத்தேன். நீங்கள் வரவில்லை.

வன்னியில் ஷெல் விழ விழப் பெக்கோ ஓட்டிப் பங்கர் வெட்டிய மனிசன், உடம்பில் ஒரு கீறல் இல்லாமல் வந்து, மீள்குடியேறி, சொந்த ஊர்க் குளத்தைக் கட்டப் போய்ச் சாவதா? இதை யாரிடம் போய்க் கேட்பது?

செத்தவீட்டிலேயே பெக்கோ முதலாளி தொடங்கிவிட்டார். "மெசின்ல ஒரு பிழையும் இல்லை. ஆள் காலமையே போட்டிட்டு ஏறினவர்." கள்ளு மணத்துக்கே தும்முகிற உங்களை! ஒரு கிழமைக்குள் அந்தக் கதை முருங்கன் பஸ் நிலையம் வரைக்கும் போய்விட்டது. கடையில் ஒருத்தி "குடிகாரன்ர பெண்சாதி" என்று சொல்ல, அக்கா வாங்கிய அரிசியை அவளுடைய முகத்திலேயே எறிந்துவிட்டு வந்தார். அன்று வீட்டில் உலை வைக்கவில்லை.

எட்டாம் நாள் பெக்கோவைக் குளத்தால் தூக்கி முதலாளியின் வளவில் போட்டார்கள். நான் சம்மட்டியோடு போனேன். கிராம அதிகாரியான விதானையாரும் ஊர்ச்சனமும் பின்னால் வந்தார்கள். இடப்பக்க கியர்பொக்ஸில் ஒயில் வடிக்கிற அடி நட் ஸ்பனருக்கு அசையவில்லை. முதலாளியின் முகத்தை நினைத்துக்கொண்டு சம்மட்டியைப் போட்டேன். ஐந்தாவது அடியில் பிய்த்துக்கொண்டு பறந்தது.

தேன் நிறத்தில் வர வேண்டிய ஒயில் பால்தேத்தண்ணி நிறத்தில் வந்தது. அதுவும் ஒரு போத்தல்கூட இல்லை. அதற்குள் உடைந்த பல்லின் தூள் மினுங்கியது. தண்ணீர் கலந்த ஒயிலுக்கு வழுக்குத் தன்மை போய்விடும், பிறகு இரும்பை இரும்பு தின்னும் என்று விதானையாருக்கு விளங்கப்படுத்தினேன்.

முதலாளி சிரித்தார். "அது குளத்துத் தண்ணியடா. பிரண்டு விழேக்க உள்ள போனது."

சனம் தலையை ஆட்டியது. நான் குனிந்து அந்த ஒயிலை மறுபடி பார்த்தேன்.

அப்போதுதான் உங்களுடைய அந்தக் கேவலமான பழக்கம் நினைவுக்கு வந்தது. தீவுப் பக்கம் வேலைக்குப் போகிற நாட்களில், ஒயில் கலங்கிக் கிடந்தால் விரலில் தொட்டு நாக்கில் வைப்பீர்கள். "கடல் தண்ணி போனா அண்டைக்கே கழுவி மாத்தோணும் மச்சான், உப்பு இரும்பை விடாது" என்பீர்கள். நானோ, அக்காவின் கறிக்கு உப்புக் காணாமல் அத்தான் இங்கே வந்து தொட்டுக்கொள்கிறார் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

தொட்டு நக்கினேன். கரித்தது.

"விதானையார், ஒருக்கா நக்கிப் பாருங்கோ."

"எனக்கென்ன விசரே?"

"நீங்கள் நக்காட்டி நான் உங்கட வெள்ளைச் சேட்டில கை துடைப்பன்."

மனிசன் கண்ணை மூடிக்கொண்டு நக்கினார், காறித் துப்பினார், முதலாளியைப் பார்த்தார். "எங்கட குளத்தில எப்ப ஐயா உப்பு விளைஞ்சது?"

முதலாளியின் லொறிக்காரன் அதற்கு மேல் தாங்கவில்லை. "விழுறதுக்கு முந்தின சனி ஞாயிறு வேற ஆளை வைச்சுத் தலைமன்னாரில கடலுக்குள்ள நிண்டு படகுக்கு வழி வெட்டினது. ஒருத்தருக்கும் சொல்லாதை எண்டவர்."

பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பில்லை, என் கைதான் பொறுப்பு. முதலாளிக்கு முன்பல்லு இரண்டு குறைந்தது. அவருடைய ஆட்கள் என்னை மண்ணில் போட்டு மிதித்தார்கள். பொலிசில் இரண்டு நாள் இருந்தேன், அங்கேயும் நல்ல சாத்து. ஆனால் வெளியே வந்தபோது சனம் என்னை மாப்பிள்ளை மாதிரிக் கூட்டிக்கொண்டு போனது. விதானையார் வீட்டுக்கே வந்து அக்காவிடம், "உன்ர மனிசன் குடிக்கேல்லைப் பிள்ளை" என்றார்.

இத்தோடு முடித்தால் நான் நல்ல மச்சான். நீங்கள் விடுவீர்களா?

நீங்கள் போன அன்று காலை குளக்கட்டில் ஆறேழு பேர் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றோம். நீங்கள் பெக்கோவை ஒருமுறை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தீர்கள். "மச்சான், இடப்பக்கம் முனகுது. ஒருக்காத் திறந்து பார்."

ஒயில் பார்ப்பது என் வேலை. திறக்கக் கால் மணித்தியாலம் போதும். நான் என்ன சொன்னேன்? "வயசு போனா முனகத்தான் செய்யும் அத்தான். வேணுமெண்டா அக்காவைக் கேளுங்கோ."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். அத்தனை பேர் சிரித்த பிறகு இரண்டாம் முறை எப்படிக் கேட்பீர்கள்? ஏறிப் போய்விட்டீர்கள்.

அன்று நின்றவர்கள் அந்தப் பகிடியை மறந்துவிட்டார்கள். நான் மாதக்கணக்காக வாயை மூடிக்கொண்டிருந்தேன். உங்கள் பேரைக் காப்பாற்றிய தம்பி என்று அக்கா எனக்கு மீன்கறியில் நடுத்துண்டாகப் பார்த்து வைத்தார். போன மாதம் ஒரு நாள் அந்த நடுத்துண்டை எடுத்துத் திரும்பச் சட்டிக்குள் போட்டேன். சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அகப்பைக் காம்பு என் தோளில் முறிந்தது. முறிந்த துண்டால் முதுகிலும் முகத்திலும் விழுந்தது. நான் கை உயர்த்தவில்லை. அடித்து ஓய்ந்து நிலத்தில் குந்திக்கொண்டு அக்கா கேட்டார்: "முதலாளியின்ர பல்லை ஊருக்கு முன்னால உடைச்சனி. உன்ர பல்லை ஆரடா உடைக்கிறது?"

முறிந்த அகப்பைத் துண்டுகளைப் பொறுக்கி அடுப்படியில் வைத்தேன்.

"எனக்குச் சொன்னதை எல்லாருக்கும் சொல்லு. அவரின்ர புத்தகத்தில உன்ர கையால எழுது."

எழுதிவிட்டேன், அத்தான். திவசத்துக்கு வருகிறவர்கள் சாப்பாட்டுக்கு முன்னமே வாசித்துவிடுவார்கள். பந்தியில் எனக்குப் பக்கத்தில் யார் இருப்பார்கள் என்று தெரியவில்லை. இருக்காவிட்டாலும் பரிமாறுவது நான்தான்.

ஒரு வாக்குத் தருகிறேன். பகிடி விடமாட்டேன் என்று சொன்னால் நீங்களே நம்ப மாட்டீர்கள். ஆனால் இனி எவனாவது வந்து மெசின் முனகுது என்றால், முதலில் திறந்து பார்ப்பேன். ஒயிலைத் தொட்டு நாக்கில் வைப்பேன். அதன் பிறகுதான் வாயைத் திறப்பேன்.

இப்படிக்கு,
நீங்கள் சொல்லியும் திறக்காத,
உங்கள் ஒரே மச்சான்