காத்திருக்கச் சொல்லும் வரி

12.8.1997, செவ்வாய்

மூன்று கடைகளின் சரக்கிருப்பையும் ஒரே நேரத்தில் தனித்தனியாக ஓடும் மூன்று திரெட்களில் கணக்கிட்டு, மூன்றும் முடியும்வரை காத்திருந்து கூட்டும்படிதான் புரோகிராம் எழுதியிருந்தேன். சீனியர் சேகர் அண்ணன், ஸ்லோவாக ஓடுகிறதென்று, என்னிடம் சொல்லாமலே அந்தக் காத்திருக்கும் வரியை எடுத்துவிட்டார். இன்று முதலாளி முன்னால் ஓட்டியபோது லூபோக் சீனா ஊர்க் கடைக்கு மட்டும் பூஜ்யம் வந்தது. கூட்டும்போது அதன் கணக்கு இன்னும் முடிந்திருக்கவில்லை.

"மாலா எழுதுனது பாஸ்," என்றார் சேகர் அண்ணன், கொஞ்சமும் கூசாமல். இவரை அண்ணன் என்று வேறு கூப்பிடுகிறேன்.

முதலாளி என் பக்கம் திரும்பி, "என்னம்மா இது?" என்றார். நான் வாய் திறப்பதற்குள் எழுந்து போய்விட்டார்.

"மனசுல வச்சுக்காத லா. நாளைக்கு அந்த வரிய திரும்பப் போட்டுரு," என்றார் அண்ணன்.

புரோகிராமில் போட்டுவிடலாம். முதலாளிக்கு அந்தக் காத்திருக்கும் வரியை யார் போடுவது?