மாதுளை ஜூஸும் உன் பங்கும்

அக்கா,

என் கையில் ஒரு காலி பேப்பர் கப். அடியில் மாதுளை ஜூஸின் சிவப்பு இன்னும் ஒட்டியிருக்கிறது. புத்தூர் ஸ்கேன் சென்டரில் உட்கார்ந்து போனில் உனக்கு எழுதுகிறேன். உன் மகள் ரிப்போர்ட் கேட்க டாக்டர் அறைக்குள் போயிருக்கிறாள். ஒரு மாதமாக அவளுக்குத் தலைவலி, காலையில் எழுந்ததும் வாந்தி. உனக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. நான் அதைச் சொல்லவில்லை, ஆனால் அவளுக்குத் தெரியும்.

உன் மூளைக்கட்டியைப் பற்றி அன்று டாக்டர் படம் போட்டு விளக்கினார். முதலில் அது பக்கத்து ரத்தக்குழாய்களை ஒட்டிக்கொண்டே பிழைக்குமாம். பெருத்ததும் நடுவில் மூச்சு முட்டும். உடனே ஒரு ரசாயனத்தைச் சுரக்கும். அந்தத் தூண்டுதலில் நல்ல குழாய்களே அதை நோக்கிக் கிளைவிடும். அவசரத்தில் முளைத்த கிளைகள் என்பதால் கசியும், மூளை வீங்கும். "அனுமதி வாங்காம பைப் இழுத்துக்கிச்சா?" என்று கேட்டாய். டாக்டரே சிரித்துவிட்டார்.

காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் வீட்டுக்கு வருவதற்குள் உன் சிரிப்பு போய்விட்டது. "இனிமே ரத்தம் ஊறுற எதையும் எனக்குப் போடாதே" என்றாய். பீட்ரூட், முருங்கைக்கீரை, பேரீச்சை, மாதுளை எல்லாம் நின்றன. கட்டியைப் பட்டினி போடுவதாக வீடே நம்பியது. வற்றியது நீதான்.

அடுத்த முறை டாக்டர் உன்னைப் பார்த்து அதிர்ந்துபோனார். "நீங்க பட்டினி கிடந்தா நீங்கதாங்க மெலிவீங்க. அது தனக்கு வேண்டியதை எடுத்துக்கும். நல்லா சாப்பிடுங்க."

அன்று மதியமே முருங்கைக்கீரைப் பொரியலை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினாய். "அது தின்னா தின்னுட்டுப் போகுது. என் பங்கை நான் ஏன்டி விட்டுக்கொடுக்கணும்?"

மருந்து புதுக் கிளைகளை அடக்கியது, வீக்கம் வடிந்தது. சில மாதம் நீ நீயாகவே இருந்தாய். பிறகு கட்டி பழைய குழாய்களைப் பிடித்துக்கொண்டே மூளைக்குள் பரவி, உன்னைக் கொண்டுபோய்விட்டது. அதன்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

பயமாக இருக்கிறது அக்கா. பரம்பரையாக வருவது அபூர்வம் என்கிறார்கள். அதையே திரும்பத் திரும்ப மனசுக்குள் சொல்லிக்கொள்கிறேன்.

சற்று முன் எதிர்க்கடையில் ஜூஸ் வாங்கி அவளிடம் நீட்டினேன். "வேண்டாம் சித்தி. ரிப்போர்ட் வரட்டும்" என்று தள்ளி வைத்தாள். நீ கட்டியைப் பட்டினி போட்ட நாட்களில், ஸ்கூல் பிள்ளையாக, பேரீச்சை டப்பாவை உன் கண்ணில் படாமல் பரணில் ஏற்றியவள் அவள்தான்.

"உன் பங்கை நீ ஏன்டி விட்டுக்கொடுக்கணும்?" என்றேன். உன்னைப் போலச் சொல்ல வரவில்லை. அவள் என்னையே பார்த்தாள். பிறகு கப்பை எடுத்தாள். பாதி குடிப்பதற்குள் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

"நானே கேட்டுட்டு வரேன் சித்தி" என்று எழுந்தாள். நின்றபடியே மீதியையும் குடித்து, காலிக் கப்பை என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போனாள்.